வயிற்றில் ஒட்டிய கை

மூன்று வாரம் கழித்து வந்தால் பிரித்துவிடுவோம் என்று சொல்லித்தான் மெதுவண்ணனின் வலது கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். சொன்ன நாள் வந்தபோது தைத்த வார்டே அங்கே இல்லை. சுவர் இருந்தது, கட்டில்கள் இருந்தன. கட்டில்களில் காய்ச்சல்காரர்கள் படுத்திருந்தார்கள்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். என் வீட்டில் அப்போது பேச ஆள் இல்லை. அதனால் அந்தப் பக்கம் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. விழாததை அவர் மனைவியும் சலவைக்கூடத்து வண்டிக்காரரும் பிறகு சொன்னார்கள்.

மெதுவண்ணன் என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். கணவன், மனைவி இருவருக்கும் அங்கேதான் வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அந்தக் கூடத்துக்கு வரும். கொதிநீரில் வெந்து, சுழன்று, பாதி ஈரத்தோடு வெளியே வரும் விரிப்பை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ரோலர் என்பது படுத்துக் கிடக்கும் இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும். ஈரமாகப் போகிற விரிப்பு மறுபக்கம் அட்டை மாதிரி விறைத்து வரும். அந்தப் பக்கம் மனைவி நின்று மடிப்பாள். இந்தப் பக்கம் அவர் நின்று கொடுப்பார். கூட நிற்பவர் அவசரப்பட்டால் "மெதுவா, மெதுவா" என்பார். அதைத் தவிர அவர் வேலை நேரத்தில் வேறு எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

ரோலரின் வாயருகே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நோய் பரவத் தொடங்கியதும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று கணக்கே இல்லை. துணி பட்டு அடிக்கடி கம்பி ஆடியது. ஆடும்போதெல்லாம் ரோலர் நின்றது. முதலாளி ஒரு கட்டுக் கயிறு எடுத்துவந்து கம்பியைத் தூக்கிக் கட்டினார்.

"இப்ப ஓட்டுங்க. உசுருக்குப் போராடுறவனுக்குப் போற துணி. நாம வேகம் பாக்கணும்."

"மெதுவா ஓட்டுனாலே..." என்றார் மெதுவண்ணன்.

"உனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்யா."

அந்த வாரக் கடைசியில் ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டது. நீவிவிடப் போன கை விரிப்போடு உள்ளே போனது. மறுபக்கம் மடிக்க நின்ற மனைவிதான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். புறங்கைத் தோல் ரோலரிலேயே தங்கிவிட்டது. நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று அவள் எத்தனையோ முறை சொன்னாள். விரல்கள் தப்பின.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் எல்லாம் இருந்தது. கை சிகிச்சை பார்க்கிற இளம் டாக்டர் வெந்த சதையைச் சுத்தம் செய்துவிட்டு, அடிவயிற்றோரத் தோலை ஒரு மூடி மாதிரி கிளப்பி, புறங்கையின் மேல் வைத்துத் தைத்தார். வயிற்றோடு ஒட்டியிருக்கும்வரை அந்தத் தோலுக்கு வயிற்றின் ரத்தம் ஓடும். மெல்ல மெல்லக் கையின் ரத்தம் அதற்குள் புகும். புகுந்ததும் வயிற்றுப் பக்கம் வெட்டிவிட்டால் தோல் கைக்குச் சொந்தமாகிவிடும். அதை நாள் தவறாமல் வெட்ட வேண்டும் என்பதுதான் விஷயம். அசையாமல் கிடக்கும் கையில் ஒவ்வொரு நாளும் தோளும் முழங்கையும் விரலும் இறுகிக்கொண்டே வரும். விரல் மடங்காவிட்டால் விரிப்பின் ஓரத்தைப் பிடிக்க முடியாது. ஓரத்தைப் பிடிக்க முடியாதவனுக்குச் சலவைக்கூடத்தில் என்ன வேலை?

"மடக்கி மடக்கி நீட்டணும். விரலை மட்டும் ஆட்டிகிட்டே இருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மெதுவண்ணன் ஆட்டவில்லை. கையை அசைத்தால் தையல் பிய்ந்துவிடும் என்று பயந்தார். விறைத்தாற்போல் உட்கார்ந்திருந்தார். அப்போது வெயில் காலம். தகரக் கூரை. கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வியர்த்து நாறியது. சட்டையின் வலப்பக்கத்தை அவருடைய அக்கா பிரித்து நாடா வைத்துத் தைத்துக்கொடுத்தாள். அக்கா விதவை. தம்பி வீட்டோடு இருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது.

"ராஜா மாதிரி இருக்கடா. எந்நேரமும் வயித்தத் தடவிகிட்டே. பாக்கிறவன் விருந்து சாப்பிட்டு வந்தான்னு நெனப்பான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"சோத்தைப் பெசஞ்சு வெச்சிருக்கேன். ஸ்பூன்ல எடுத்துக்க. இடது கை என்ன, அதையும் தைச்சிட்டாங்களா?"

மனைவி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. காய்ச்சல் வார்டுத் துணியைத் தொடுகிறவள் என்பதால் தெருவில் யாரும் அவளோடு நின்று பேசவில்லை. வந்ததும் பின்பக்கக் குழாயடியில் உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்வாள். பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் கணவனுக்கு உடம்பு துடைத்துவிடுவாள். கைக்கும் வயிற்றுக்கும் இடையே இருக்கும் தோல் பாலத்தை ஈரப் பஞ்சால் சுற்றித் துடைப்பாள். அதில் ரோமம் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"புறங்கையில வயித்து முடி. இனிமே முகத்தோட சேத்துக் கையையும் சவரம் பண்ணலாம்" என்றாள் ஒரு நாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

சொன்ன நாளில் போனார்கள். ஆஸ்பத்திரிக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி கம்பிக்குப் பின்னால் நின்று, "என்ன கேஸ்?" என்றான்.

"கையப் பிரிக்கணும். பிளாஸ்டிக் சர்ஜரி."

"அழகு பண்ற வேலையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கு. எமர்ஜென்சி மட்டும்தான்."

"அழகா? அழகுக்காகவா இவரு கையை வயித்துல ஒட்டிகிட்டாரு? சட்டையத் தூக்கிக் காட்டவா?"

"தள்ளி நின்னு பேசும்மா. தூக்காத. உசுருக்கு ஆபத்தா?"

"கைக்கு ஆபத்து."

"உசுருக்கான்னு கேட்டேன்."

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கணவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கால் இரண்டும் நன்றாக ஊன்றி, மூச்சு ஒழுங்காக விட்டுக்கொண்டு.

"எமர்ஜென்சியா தைக்கத் தெரிஞ்சிதுல்ல? பிரிக்கிறது மட்டும் எப்படிய்யா அழகாச்சு?"

"எனக்கு என்னம்மா தெரியும்? சொல்றதச் சொல்றேன். எல்லாம் முடிஞ்சதும் வாங்க."

எது முடிந்ததும் என்று அவனுக்கும் தெரியாது. மறுபடியும் போனார்கள். வேறொரு காவலாளி, அதே பதில். அதற்கு அடுத்த முறை பதில் சொல்லக்கூட யாரும் கம்பியருகே வரவில்லை. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டார்கள். தைத்தவர்தான் பிரிக்க வேண்டும் என்று கதவைச் சாத்தினார்கள். தைத்தவரின் போன் நம்பர் அவர்களிடம் இல்லை.

"பொய் சொல்லியிருக்கணும் நீ" என்றாள் அக்கா. "மூச்சுத் திணறுதுன்னு விழச் சொல்லியிருக்கணும் இவனை."

"விழுந்தா காய்ச்சல் வார்டுல போட்டிருப்பாங்க அண்ணி. கையோட சேத்து ஆளையும் மூட்டை கட்டிக் கொடுத்திருப்பாங்க."

"இவன் என்ன சொல்றான்?"

"இவரு எப்போ என்ன சொன்னாரு?"

அந்தக் கட்டத்தில்தான் விரல்கள் முற்றிலும் விறைத்துவிட்டன. வயிற்றோரத்தில் ஐந்து விரலும் வீங்கி, நீட்டியபடி, பொம்மைக் கை மாதிரி ஒட்டிக் கிடந்தன. அவள் ஒரு விரலைத் தொட்டு மடக்கப் பார்த்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார்.

சலவைக்கூடத்தில் அவள் மடித்துக்கொண்டிருந்த துணியில் ஒன்றைக் கவனித்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் துணி பச்சை. வார்டுத் துணி வெள்ளை. ஊரடங்கு வந்த புதிதில் பச்சை மூட்டை குறைந்துபோனது. பிறகு ஏறியது. தினமும் வந்தது. அழுக்கு மூட்டையைப் பிரிக்கும் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். பச்சைத் துணியில் ரத்தம் அட்டையாய்க் காய்ந்திருந்தது.

"ஆபரேஷன் நடக்குது அண்ணி" என்று குழாயடியிலிருந்தே கத்தினாள். "நடக்கலன்னு சொன்னானே, பொய். தினம் நடக்குது. என் கையாலதான் மடிச்சு அனுப்புறேன்."

"யாருக்கு நடக்குதாம்?"

"யாருக்கா? கார்ல போறவனுக்கு. கேட்டுல நிக்கும்போது பாத்தேனே, கார் வந்தா கதவு தானா தெறக்குது. மூக்கு கோணலா இருக்கிறவனுக்கெல்லாம் நடக்குது. இவருக்கு நடக்காது."

அன்று இரவு வரை அவள் குரல் கேட்டது. கார்களைத் திட்டினாள். கேட்டைத் திட்டினாள். முதலாளியின் கட்டுக் கயிற்றைத் திட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தக் குரல் நியாயமாகத்தான் பட்டது. நானும் அப்படியே நம்பினேன்.

மறுநாள் சலவை வண்டியில் கணவனை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். வண்டிக்காரர் மறுக்கவில்லை. "இந்த வண்டியத்தான் எவனும் நிறுத்தமாட்டான். காய்ச்சல் துணின்னு சொன்னா போதும், போலீஸ்காரன் தடியக் கீழ போட்டுட்டு ஓடுறான். அண்ணே, அந்த வெள்ளை மூட்டை மேல சாஞ்சுக்க. நீ இஸ்திரி போட்டதுதானே, குத்தாது."

"இப்போ யாரு கொடுக்கிறா ரோலர்ல?" என்று மெதுவண்ணன் கேட்டாராம். வழியில் அவர் பேசியது ரோலரைப் பற்றி மட்டும்தான்.

"புதுப் பையன் ஒருத்தன்."

"கம்பி?"

"எறக்கிவிட்டாச்சு. உன் கை போனதுக்கு அப்புறம் எறக்கிட்டாரு முதலாளி."

மனைவி வண்டிக்குள்ளேயே காறித் துப்பப் போய், மாஸ்க் இருந்ததால் விழுங்கினாள்.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாகத்தான் துணி உள்ளே போகும். அங்கே கேட் இல்லை, ஒரு சரிவுப் பாதைதான். பெரிய சிஸ்டர் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வந்து மூட்டைகளைப் பார்த்தார்.

"பச்சை எங்க?"

"இருக்கு. நான் உக்காந்திருக்கேன்ல, அதுக்குக் கீழ" என்றாள் அவள்.

"எந்திரி. உள்ள காத்துகிட்டிருக்காங்க."

"இவரும்தான் காத்துகிட்டிருக்காரு. ஆபரேஷன் இல்லன்னு முன்கேட்டுல சொன்னாங்க. ஆபரேஷன் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பச்சைத் துணி எதுக்கு சிஸ்டர்? ஜன்னலுக்குத் திரை போடவா?"

"யாரு நீ?"

"இந்தத் துணிய மடிக்கிறவ. இவரு இஸ்திரி போடுறவரு. உங்க ஆஸ்பத்திரித் துணியக் கொடுக்கப்போய்க் கையக் கொடுத்தவரு. தினம் ரத்தத்தோட வருதே பச்சை, அது யாரு ரத்தம்? எந்தக் காரு?"

"எந்திரிம்மா முதல்ல."

"எந்த மகராசனுக்கு மூக்கு சரி பண்றீங்கன்னு சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

"பிரசவம்மா!" பெரிய சிஸ்டரின் குரல் உடைந்தது. "அத்தனையும் பிரசவம். ஊர்ல இருக்கிற மத்த ஆஸ்பத்திரி எல்லாம் மூடிட்டாங்க. எல்லா வயித்துப் பிள்ளைக்காரியும் இங்கதான் வர்றா. கிழிச்சு எடுக்காம விட்டா ரெண்டு உசுரு. மூக்காம் மூக்கு! நான் வீட்டுக்குப் போயே எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு?"

அவளுடைய முகம் தொங்கிப்போனது என்றார் வண்டிக்காரர். இத்தனை நாள் காருக்குள் இருந்தவனைத் திட்டி அல்லவா தெம்பாக இருந்தாள். அவன் இல்லாமல் போனான். எழுந்தாள். பச்சை மூட்டையைத் தானே தூக்கி சிஸ்டரின் தள்ளுவண்டியில் வைத்தாள். மேலே ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தட்டிவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். தெரியாம பேசிட்டேன்."

சிஸ்டர் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும். என் வீட்டுக்காரர் வயித்துலயும் ஒண்ணு ஒட்டிகிட்டிருக்கு. நாள் தாண்டிப்போச்சு. அதையும் அப்படியே பிரிச்சு விட்ருங்க. அதே துணிய விரிச்சு, அதே மேசையில. பொறக்கப்போறது கைதான், அழாது."

சிஸ்டர் வண்டியருகே வந்தார். நாடாவை அவிழ்த்து, சட்டையை விலக்கிப் பார்த்தார். தோல் பாலத்தைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். ஒரு விரலை உறையிட்ட கையால் மெல்லத் தள்ளினார். அது மடங்கவில்லை.

"இத எவன் திருப்பி அனுப்பினான்?" என்றார்.

"எல்லாரும்" என்றாள் அவள்.

கையைத் தைத்த டாக்டர் அதே கட்டடத்தில்தான் இருந்தார். காய்ச்சல் வார்டில், மூச்சு சீராவதற்காக நோயாளிகளைக் குப்புறப் புரட்டிப் போடும் வேலையில் இருந்தார். அவருக்கு ஆள் போனது. பணி முடிந்து, கவசத்தைக் கழற்றி, குளித்துவிட்டு வர நேரமானது. அதுவரை பிரசவ வார்டின் நடையில், வலியில் முனகிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மெதுவண்ணன் வயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஒருத்தி வலியை மறந்து அவரையே பார்த்தாளாம்.

டாக்டர் வந்தார். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தடம் ரத்தம் கட்டியிருந்தது. கையைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்தார்.

"நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். வரவே இல்லயே."

"வந்தோம். வந்து வந்து போனோம்."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீங்க யாரையாவது கேட்டீங்களா?" என்றாள் அவள்.

அவர் கை கழுவப் போனார்.

பிரசவ அறைக்குப் பக்கத்தில் தையல் போடும் சின்ன அறை. மயக்க மருந்து கொடுக்கிறவர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வர முடியாது என்பதால் டாக்டர் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார். முதலில் தோல் பாலத்தை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். வயிற்றுப் பக்கத்து ரத்தம் நின்றும் புறங்கைத் தோல் கருக்கவில்லை. இளஞ்சிவப்பாகவே இருந்தது. வெட்டினார். பச்சைத் துணி மேல் கை தனியாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுததாம். வண்டிக்காரர் இதைச் சேர்த்துக்கொண்டாரோ என்னவோ. மனைவி அப்படி எதுவும் கேட்கவில்லை என்றாள்.

"தோல் பிழைச்சிருச்சு" என்றார் டாக்டர். "விரலப் பத்தி என்னால சொல்ல முடியாது. அன்னைக்கே பிரிச்சிருந்தா இந்நேரம் மடங்கியிருக்கும். இனிமே வலிக்க வலிக்க மடக்கணும். பயிற்சி கொடுக்கிற ரூம்ல..."

"அதுலயும் காய்ச்சல்காரனுக்குக் கட்டில் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

எப்படி மடக்குவது என்று அவரே காட்டினார். அடிக்கணுவைப் பிடித்துக்கொண்டு, நுனியை உள்ளங்கைப் பக்கம் தள்ளி, எண்ணிக்கொண்டே நிறுத்தி, விட வேண்டும். காட்டும்போது மெதுவண்ணனின் கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி கவசம் போட அவரை அழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் கை தானாகவே வயிற்றுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பிரித்து வைத்தால் தோள் வலித்தது. முதலாளி வண்டிக்காரரிடம் ஒரு பை பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா அதை வாசற்படியிலேயே வைத்தாள். வெயிலில் கிடந்து கறுத்தது. யாரும் எடுக்கவில்லை.

காயத் தையல் ஆறியதும் மனைவி அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கதவு திறந்தே கிடந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை ஊறவைத்து எடுத்து மடியில் வைத்தாள். ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தள்ளினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி பிடித்தாள். மறுபடி இழுத்தார்.

"பல்லக் கடிச்சுகிட்டு எத்தனை நாள் இருப்பீங்க? கத்துங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"கத்துய்யா! எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. உனக்கும் சேத்து நானே எத்தனை பேரத் திட்டுறது? உன் கை, நீ திட்டு."

தள்ளினாள். அவரிடமிருந்து ஒரு ஓசை வந்தது. அப்புறம் ஒரு வார்த்தை வந்தது. அந்த வீட்டிலிருந்து அவர் குரலில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அச்சில் போட முடியாத வார்த்தை.

"யாரு அது? முதலாளியா?"

"அவன்தான். அவன் கயிறு. அவன் வேகம்."

"இன்னும்."

"கேட்டுக்காரன். உசுரா கையான்னு கேட்டானே, அவன் கைய வெட்டிகிட்டுக் கேக்கச் சொல்லு. அழகாம். அழகு! அவன் ஆத்தா..."

"தம்பி, ஆத்தாளை விட்ருடா" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. "மத்தபடி திட்டு."

"நீ வாய மூடுக்கா! ராஜாவாம், விருந்தாம். எந்நேரமும் நக்கல்."

"திட்டுறான்! என்னையும் திட்டுறான்!" என்று அக்கா உள்ளே கைதட்டினாள்.

"இன்னும்" என்றாள் மனைவி. கட்டை விரலுக்கு வந்திருந்தாள்.

"நீ. நீதான்டி. தெனம் துடைச்சு விட்டியே, அப்பவே புடிச்சு மடக்கியிருக்க வேண்டியதுதானே. நான் தள்ளினா விட்ருவியா? ஏன்டி விட்ட?"

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தள்ளியது. முன்னைவிட வேகமாக. அவர் அலறினார். தெருவில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது, மூடியது. ஆள்காட்டி விரல் ஒரு நகக்கண் அளவு உள்ளே வளைந்தது. கட்டை விரலும் கொஞ்சம் வளைந்தது. விட்டதும் இரண்டும் பழையபடி நீண்டன. அவள் மறுபடி நடுவிரலைப் பிடித்தாள். அது கட்டை மாதிரி நின்றது.

"இதுக்கு யாரு? சொல்லுங்க."

அவர் மூச்சு வாங்கினார். முகமெல்லாம் நீர். யோசித்தார்.

"டாக்டரா? அவன் தைச்சவன். சிஸ்டரா? அவ வீட்டுக்கே போகல. காருக்காரனும் இல்லங்கிற. யாரடி சொல்றது? தெரியலயே."

"தெரியலன்னா எல்லாரையும் சொல்லுங்க" என்றாள். விரலை விடவில்லை. "ஒருத்தன் விடாம."

அவர் ஆரம்பித்தார்.